ராணி சிரோமணியை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,



நம்மில் பலர் ஏதாவது ஒரு செமஸ்டரில் ஆட்டோமேட்டா தியரி நடத்தியிருப்போம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் அதை டி.ஓ.சி. என்பார்கள். அரியர் விழும் பேப்பர் என்று சீனியர்கள் முன்கூட்டியே பயமுறுத்தி வைத்திருப்பார்கள். டி.எஃப்.ஏ., என்.எஃப்.ஏ., பம்பிங் லெம்மா, டூரிங் மெஷின் என்று ஐந்து யூனிட்டும் ஒருவழியாக முடியும். சாம்ஸ்கி வருவார், கிளீனி வருவார், கிரைபாக் வருவார். தாம்பரத்தில் இருந்தபடி இதே துறையில் 1960களின் இறுதி தொடங்கி இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகள் வரை எழுதிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரின் பெயர் மட்டும் வராது. நான் நடத்திய பாடத்திட்டம் எதிலும் வந்ததில்லை.

அவர் ராணி சிரோமணி. 1929-இல் பிறந்தவர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்தவர். பிற்காலத்தில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் பேராசிரியராக இணைந்திருந்தவர். 2021 செப்டம்பரில் மறைந்தார். அஞ்சலிக் கட்டுரைகள் அப்போதே எழுதப்பட்டுவிட்டன. இந்த மடல் வேறொன்றுக்காக. அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பகுதியை இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவருக்கு நாம் கற்பிக்க முடியும். கற்பிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அதை எப்படி, ஏன் என்று உங்கள் முன் வைக்கிறேன்.

1969-இலிருந்து தொடங்குவோம். 'இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல்' அந்நாளில் கணினி அறிவியல் கோட்பாட்டின் முன்னணி இதழ். அதன் 14-ஆம் தொகுதியில் 'ஆன் ஈக்வல் மேட்ரிக்ஸ் லாங்குவேஜஸ்' என்ற கட்டுரை ராணி சிரோமணியின் பெயரில், அவர் ஒருவர் பெயரில் மட்டும், வெளிவந்தது. அது எடுத்துக்கொள்ளும் சிக்கல் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 'ஏ பவர் என், பி பவர் என்' என்ற மொழியை சி.எஃப்.ஜி. கொண்டு எழுதிவிடலாம். 'ஏ பவர் என், பி பவர் என், சி பவர் என்' என்றதும் சி.எஃப்.ஜி. கைவிட்டுவிடும். பம்பிங் லெம்மாவை வைத்து அதை நிறுவிவிட்டு, அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுகிறோம்.

அந்த இடத்தில் ராணி சிரோமணி நின்றார். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே மிக எளிய விதிகள் இருக்கட்டும்; ஆனால் மூன்று விதிகளையும் ஒரே அடியில், ஒரே சமயத்தில்தான் பயன்படுத்த வேண்டும். முதல் பகுதி ஓர் எழுத்து வளர்ந்தால் மற்ற இரண்டும் ஓர் எழுத்து வளரும். ஒன்று நின்றால் மூன்றும் நிற்கும். இவ்வளவுதான் நிபந்தனை. சி.எஃப்.ஜி.யால் முடியாத மொழி, அதைவிட எளிய விதிகளைக் கொண்டே கிடைத்துவிடுகிறது. விதிகளைச் சிக்கலாக்காமல், அவை இயங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதால் மட்டும் வலிமை கூடுகிறது என்பது மாணவருக்குச் சொல்லத்தக்க செய்தி. பம்பிங் லெம்மா ஒரு கதவை மூடுகிறது. அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரை காட்டுகிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லலாம்.

இரண்டாண்டு கழித்து இன்னொரு முன்னணி இதழில் ஒருவகை ஆட்டோமேட்டாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தாண்டி 1972-க்கு வருகிறேன். என் கணிப்பில் அவருடைய பணியின் உச்சம் அங்கே இருக்கிறது.

'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்' என்ற இதழ் தொடங்கியதே அந்த ஆண்டுதான். அதன் முதல் தொகுதியிலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் எழுதிய கட்டுரை இருக்கிறது. கிஃப்ட், ராணியின் கணவர். அதே கல்லூரியில் பேராசிரியர். கமலா கிருத்திவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார், ஆர். ரமாவுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆட்டோமேட்டா பாடநூல் நம்மில் சிலர் கையில் இருக்கும். கட்டுரையின் பொருள்: எழுத்துகளின் வரிசையை உருவாக்குவதுபோல ஒரு படத்தையும் இலக்கண விதிகளால் உருவாக்க முடியுமா? சாம்ஸ்கி 1950களில் வகுத்த இலக்கணங்கள் ஒற்றை வரிசையில் ஓடுபவை. படமோ குறுக்கும் நெடுக்குமாக விரிவது.

அவர்கள் கண்ட வழி இரண்டு கட்டங்களைக் கொண்டது. அதை நான் கரும்பலகையில் 'ப' என்ற எழுத்தைக் கொண்டு விளக்குவது வழக்கம். இந்த எடுத்துக்காட்டு என்னுடையது, முறை அவர்களுடையது.

முதல் கட்டத்தில் ஒரு படுக்கை வரிசையை எழுதுங்கள்: தூண், தளம், தளம், தளம், தூண். இரண்டு ஓரங்களிலும் தூண். நடுவில் எத்தனை தளம் வேண்டுமானாலும் வரலாம். இதை உருவாக்க ஒரு ரெகுலர் கிராமர் போதும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் கீழ்நோக்கி ஒரு நிரலாக வளர்கிறது. தூணுக்கு விதி: ஒரு கறுப்புக் கட்டம் வைத்துத் தொடர், அல்லது ஒரு கறுப்புக் கட்டம் வைத்து முடி. தளத்துக்கு விதி: ஒரு வெள்ளைக் கட்டம் வைத்துத் தொடர், அல்லது ஒரு கறுப்புக் கட்டம் வைத்து முடி. எல்லா நிரல்களும் ஒருசேர வளர வேண்டும், ஒருசேர முடிய வேண்டும். விதிகளை ஓட்டிப் பாருங்கள். இரு பக்கமும் செங்குத்தான கோடு, அடியில் ஒரு கிடைக்கோடு. 'ப' வந்துவிட்டது. குட்டையான ப, நெட்டையான ப, அகன்ற ப, ஒடுங்கிய ப என எல்லா அளவிலும் வரும். முதல் அடியிலேயே முடித்துவிடாத வரை, ப-வைத் தவிர வேறெதுவும் வராது.

1969-இல் மூன்று பகுதிகள் ஒருசேர வளர்ந்த அதே நிபந்தனை இங்கே நிரல்களுக்கு வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்து நடத்தச் சொல்கிறேன். ஓர் ஆராய்ச்சியாளரின் கருத்து ஓரிடத்தில் முளைத்து மூன்றாண்டுக்குப் பிறகு இன்னோரிடத்தில் எப்படிப் பயன்படுகிறது என்பதை மாணவர் தம் கண்ணால் பார்ப்பார். பாடநூலில் கருத்துகள் முடிந்த வடிவில் இருக்கும். எங்கிருந்து வந்தன என்பது அதில் தெரியாது.

இந்த இலக்கணத்துக்கு உலகெங்கும் 'சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்' என்றே பெயர்.

வகுப்பில் ஒரு மாணவர் அடுத்து ஒரு கேள்வி கேட்பார். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். நீளமும் உயரமும் சமமாக இருக்கும் ப மட்டும் வேண்டுமென்றால்? முடியாது. ஏன் முடியாது என்பதை அந்த ஒரே வகுப்பில் நிறுவிவிடலாம். ஒரு வரிசை எவ்வளவு உயரம் வளரலாம் என்பது அதில் எந்தெந்தச் சொற்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்ததே தவிர, எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தது இல்லை. தளம் பத்து இருந்தாலும் நூறு இருந்தாலும் அனுமதிக்கப்படும் உயரங்கள் அவையே. இலக்கணத்தில் உள்ள சொற்களோ எண்ணத்தக்க சில. ஆகவே அகலத்துக்கு அகலம் உயரத்தைக் கட்டுப்படுத்த இந்த முறையால் இயலாது. பம்பிங் லெம்மாவை மனப்பாடம் செய்து எழுதும் மாணவர்கூட இந்த நிரூபணத்தைத் தானாகவே கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். படம் கண்முன் இருப்பதுதான் காரணம்.

இந்த எல்லையை அவர்களும் தாண்டிப் போனார்கள். 1973-இல் 'இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல்' இதழில் வந்த கட்டுரையில் விதி ஒரு புள்ளியை மட்டும் வளர்க்காமல், ஏற்கெனவே உள்ள படத்தின் மேலும் கீழும் வரிசைகளையும், இடமும் வலமும் நிரல்களையும் ஒட்டிக்கொண்டே போகிறது. அகலமும் உயரமும் இப்போது கைகோத்து வளரலாம். அடுத்த ஆண்டு, 1974-இல், அதே மூவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் வந்துவிட்டது: 'அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்'.

கோலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்டால், மார்கழி மாதத்தில் வரும் ஏதேனும் ஒரு பெண்கள் பத்திரிகையைப் பிரித்துக் காட்டுங்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்தவும்.' அவ்வளவுதான் குறிப்பு. நடுவரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் இடைவெளிகளில் 14, பிறகு 13 என்று குறைந்து 8-இல் முடியும் வரிசைகள். தெரிந்தவர்கள் அந்த ஒரு வரியைக் கொண்டே புள்ளி முழுவதையும் வைத்துவிடுவார்கள். 15-க்குப் பதில் 21 என்றாலும் அவர்களால் அதே கோலத்தைப் பெரிதாக்க முடியும். சிறிய விதியிலிருந்து எல்லையற்ற வடிவங்கள் பிறக்கின்றன. விதியை அறிந்தவருக்கு எந்த அளவும் ஒன்றுதான். முறைசார் இலக்கணம் என்று நாம் வகுப்பில் சொல்வதும் இதைத்தான்.

கோலங்களை அவர்கள் வகைப்படுத்திய விதம்தான் அந்தக் கட்டுரையின் சாரம். பெரிதாக்க முடியாத, ஒரே அளவில் நின்றுவிடும் கோலங்கள் ஒரு வகை. ரெகுலர் விதிகளால் வளர்பவை இன்னொரு வகை. காண்டெக்ஸ்ட் ஃப்ரீ விதிகள் இருந்தால்தான் வளரும் என்பவை மூன்றாவது வகை. பார்வைக்கு மிகச் சிக்கலாகத் தோன்றும் கோலம் இலக்கணத்தில் எளியதாக இருக்கலாம். எளிமையாகத் தோன்றுவது மேல்வகையில் போய் அமரலாம். சாம்ஸ்கி படிநிலை என்று நாம் பலகையில் வட்டத்துக்குள் வட்டம் போட்டுக் காட்டுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சிக்குக் கோலம், அல்லது அவர்கள் எழுதியபடி கம்பிக் கோலம், இவர்களை மேலும் பல ஆண்டு ஈர்த்து வைத்திருந்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறது. இதைப் புள்ளிகளின் அட்டவணையாகப் பார்ப்பதைவிடக் கையின் ஓட்டமாகப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு அவர்கள் வந்தது, கோலம் போடும் பெண்களைக் கவனித்ததன் பயன். கிஃப்ட் சிரோமணி அந்தப் பெண்களிடம் போய்க் கேட்டார், அவர்கள் போடுவதைப் பார்த்தார். கோட்டின் ஓட்டத்தை ஏழு அசைவுகளாக வகுத்தார்கள்: முன்னே செல்வது ஒன்று, வலப்பக்கம் வளைவது மூன்று விதம், இடப்பக்கம் வளைவது மூன்று விதம். எந்தக் கம்பிக் கோலத்தையும் இந்த ஏழின் வரிசையாக எழுதிவிடலாம். அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பதால் சாதாரண வரிசை இலக்கணம் முழுதாகப் பொருந்தாது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட் வட்டமாகச் சுழலும் வரிசைகளுக்கென்று சைக்கிள் கிராமர் என்ற ஒன்றை முன்மொழிந்திருந்தார். அதைக் கம்பிக் கோலத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். ரோசன்ஃபெல்டும் ராணி சிரோமணியும் சேர்ந்து 1993-இல் பட மொழிகளைப் பற்றிய ஒரு மதிப்பாய்வையும் எழுதினார்கள்.

மாணவருக்கு இங்கே ஒரு வேலை கொடுக்கலாம். செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே ஒவ்வோர் இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிச் செல்லுமாறு கம்பிக் கோலம் போடச் சொல்லுங்கள். 2 வரிசை, 3 புள்ளி என்றால் ஒரே கம்பியில் முடிந்துவிடும். 3 வரிசை, 3 புள்ளி என்றால் மூன்று தனித்தனிக் கம்பிகள் வரும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு. ஏன் என்று யோசிக்க விடுங்கள். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் விடை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன் பிறகு யூக்ளிட் அல்காரிதம் யாருக்கும் மறக்காது.

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கோலத்தையும் கணினியையும் சேர்த்துப் பேசினாலே, நம் முன்னோர் அன்றே கணினி அறிவியலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வகுப்பில் சொல்லாதீர்கள். சிரோமணி தம்பதியர் அப்படி எழுதவில்லை. வாசலில் கோலம் போடும் பெண்ணிடம் விதி இருக்கிறது, நினைவு இருக்கிறது, நுட்பமான கை இருக்கிறது. அவரிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதால்தான் ஒரு பேராசிரியர் அவரிடம் போய்க் கேட்டார். அந்த மரியாதையே போதுமானது. அதே சமயம், எந்த விதி எந்த வகையைச் சேர்ந்தது, எது எதனால் இயலாது என்று நிறுவியது கணிதம். அந்த உழைப்பு 1970களில் ஒரு கல்லூரித் துறையில் நடந்தது. இரண்டையும் இரண்டாகவே வைத்திருந்தால் இரண்டுக்கும் பெருமை.

கோலம் என்ற சொல் அந்தக் கட்டுரைகளோடு வெளியே போய்விட்டது. இரு பரிமாண மொழிகளைப் பற்றி ஐரோப்பாவில் எழுதுபவர்கள் தங்கள் புதிய இலக்கணத்தை ஒப்பிட்டுக் காட்ட வேண்டியபோது 'கோலம் கிராமர்' என்றே குறிப்பிடுகிறார்கள். 1980களில் கணினி வரைகலை ஆய்வாளர் ப்ஷெமிஸ்லாவ் ப்ரூசின்கீவிச், செடிகளை வரைவதற்குப் பயன்பட்ட எல்-சிஸ்டம் முறையால் கோலங்களையும் கணினித் திரையில் வரைந்து காட்டினார். கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002-இல் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் கோல மரபைப் பற்றி எழுதியபோது சென்னையில் நடந்த இந்தப் பணிக்கு உரிய இடம் கொடுத்தார். கையால் எழுதிய கணிதச் சூத்திரங்களைக் கணினி படித்து அறியும் முயற்சிகளில் இன்று இரு பரிமாண இலக்கணங்கள் பயன்படுகின்றன. அந்தக் குடும்பத்தின் மூத்த கிளைகளில் ஒன்று தாம்பரத்தில் தழைத்தது.

ராணி சிரோமணியின் மற்ற பணிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்-சிஸ்டம் 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மயர் என்ற உயிரியலாளர் செடியின் வளர்ச்சியை விவரிக்க உருவாக்கியது. எல்லாச் செல்களும் ஒருசேர வளர்வது அதன் அடிப்படை. ராணி அதைப் படங்களுக்கு விரித்தார். 1987-இல் கே. ஜி. சுப்பிரமணியன், ஜெயந்தி அபிஷா இருவருடன் சேர்ந்து எல்-சிஸ்டத்தைக் கொண்டே ஒரு பொதுத் திறவி மறையாக்க முறையை எழுதினார். 1990-இல் லிசா மேத்யூவுடன் சேர்ந்து லிண்டன் சொற்களைக் கொண்டு இன்னொன்று. 1992-இல் வட்ட வடிவ டி.என்.ஏ.வைப் பற்றி சுப்பிரமணியன், வி. ஆர். டேர் இருவருடன். எழுபதைக் கடந்த பிறகு, பிளாஸ்மிடுகளைக் கொண்டு தருக்கச் சிக்கல் ஒன்றைத் தீர்ப்பது எப்படி என்று ஓர் இளைஞருடன் சேர்ந்து கட்டுரை. பாருங்கள்: சரம், படம், செடி, மறைகுறி, டி.என்.ஏ. துறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில், பல இடங்களில் ஒரே சமயத்தில் நிகழும் மாற்றத்தை எப்படி விதியாக எழுதுவது என்ற 1969-ஆம் ஆண்டுக் கேள்வி அடியில் ஓடுகிறது. இது என் வாசிப்பு. நீங்கள் அந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படித்துவிட்டு மறுத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பொது வாசகர்கள் இவரைவிட அவரை அதிகம் அறிவார்கள். கிஃப்ட் சிரோமணி பல திசைகளில் ஓடிய அறிஞர். 1963-இலேயே தமிழ் உரைநடையின் என்ட்ரபியைக் கணக்கிட்டு எழுதினார். ஷானன் ஆங்கிலத்துக்குச் செய்ததன் தமிழ்த் தொடர்ச்சி அது. 1978-இல் அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி இரு துணை ஆசிரியர்களுடன் எழுதினார். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகள், சிந்துவெளி எழுத்துகள் என்று அவர் பட்டியல் நீளும். 1988-இல், 55 வயதில், காலமானார். இத்தகைய ஒருவரோடு சேர்ந்து எழுதியதால் ராணியின் பெயர் 'சிரோமணி தம்பதி' என்ற தொடருக்குள் கரைந்துபோகிறது. கூட்டுப் பணி கூட்டுப் பணிதான். அதைப் பிரித்து எடை போடுவது முறையன்று. ஆனால் படக் கட்டுரைகளுக்கு முன்பே அவர் தனியாக எழுதியவை இருக்கின்றன. கணவர் மறைந்த பின் பதினைந்து ஆண்டுக்கும் மேலாக எழுதியவையும் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு அவர் வழிநடத்திய மாணவர்கள், அவர்களின் மாணவர்கள் என்று சென்னையில் ஒரு பரம்பரையே உருவாகியிருக்கிறது. அவருடைய 75-ஆம் பிறந்த நாளை ஒட்டிப் பன்னாட்டு அறிஞர்கள் எழுதிய தொகுப்பு 2006-இல் வெளிவந்தது. மாணவிகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கணினித் துறையின் பெண் முன்னோடிகள் என்று நாம் சுவரில் ஒட்டும் படங்களில் ஏடா லவ்லேஸும் கிரேஸ் ஹாப்பரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் புறநகர் ரயிலில் போய்ச் சேரக்கூடிய ஒரு கல்லூரியின் பேராசிரியர் இருப்பது, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வேறொரு விதத்தில் பொருள்படும்.

இனி நம்மைப் பற்றி.

நம் நிலைமை எனக்குத் தெரியும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது யு.ஜி.சி. விதி, சுயநிதிப் பிரிவில் அது காகிதத்தில் மட்டுமே 16. இதற்கு மேல் இன்டர்னல் மார்க், நாக் கோப்புகள், அட்மிஷன் வேலை. இவற்றுக்கு நடுவே பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். அந்த நெருக்கடியில்தான் காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்கள் பிழைக்கின்றன. ஏற்கெனவே உள்ள டேட்டாசெட்டில் ஏற்கெனவே உள்ள மாடலை ஓட்டி, சதவீதத்தில் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் கூடியதைக் கட்டுரையாக்குகிறோம். எழுதியவருக்கே அது மறுமாதம் நினைவில் இருப்பதில்லை. இதில் ஆசிரியரின் குற்றத்தைவிட அமைப்பின் குற்றம் பெரிது என்று உறுதியாக நம்புகிறேன். கட்டுரைகளை எண்ணிக்கையால் அளக்கும் வரை இது தொடரும். பல்கலைக்கழகங்களிடமும் அரசிடமும் நாம் கூட்டாகக் கேட்க வேண்டியது அது.

ஆனால் நல்ல ஆராய்ச்சிக்கு ஜி.பி.யு. கிளஸ்டர் வேண்டும், ஐ.ஐ.டி. வேண்டும், வெளிநாட்டு ஃபெலோஷிப் வேண்டும், நம் கல்லூரியில் என்ன செய்ய முடியும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு ராணி சிரோமணியின் வாழ்க்கை ஒரு பதில். சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 இயந்திரம் வந்தது 1973-இல். மேட்ரிக்ஸ் கிராமர் கட்டுரை அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அந்தக் கட்டுரைக்குத் தாளும் பென்சிலும் உலக இதழ்களை வாசிக்கும் பழக்கமும் உடன் பேச இரண்டு பேரும் போதுமாயிருந்தன. நாள்தோறும் வகுப்பு எடுக்கும் ஒரு கல்லூரியின் கணிதப் பின்புலத்திலிருந்து அது பிறந்தது. அன்றைய கல்லூரியில் நேரம் இருந்தது, இன்று இல்லை என்பீர்கள். அதில் உண்மை உண்டு. ஆகவேதான் நேரத்தைக் கேட்டுப் பெறுவது நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்தபடியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். இதழ்களை மட்டும் வாசித்திருந்தால் ரோசன்ஃபெல்டின் கேள்விகளுக்குச் சின்னச் சின்னத் திருத்தங்கள் எழுதியிருப்பார்கள். வாசலை மட்டும் பார்த்திருந்தால் ஒரு நல்ல நாட்டாரியல் கட்டுரை கிடைத்திருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததால் இரண்டுக்கும் புதியது கிடைத்தது. இன்றும் அப்படிப்பட்ட கேள்விகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு அட்டைக்கு வடிவம் போடுபவரின் விதிகள், பத்தமடைப் பாயின் பின்னல், பறையடிப்பவர் அடிகளை மாற்றிக் கோக்கும் முறை, ஒயிலாட்டத்தின் வரிசை மாற்றங்கள். இவற்றில் எது ரெகுலர், எது அதற்கு மேல் என்று கேட்டால் எம்.எஸ்சி. மாணவர் ஒருவருக்கு ஓராண்டு புராஜெக்ட் கிடைக்கும். பெங்களூருவில் காசு கொடுத்து வாங்கும் புராஜெக்டைவிட அது அவருக்கு நெடுநாள் உதவும்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. தன்னாட்சிக் கல்லூரிகளில் இருப்பவர்கள், அடுத்த போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் சி.எஃப்.ஜி. யூனிட்டின் இறுதியில் ஈக்வல் மேட்ரிக்ஸ் மொழிகளுக்கும் சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமருக்கும் மூன்று மணி நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரம். இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. அங்கே அசைன்மென்ட்டாகவோ செமினாராகவோ கொடுக்கலாம். கேள்வித்தாள் எழுதும் வாய்ப்பு வரும்போது, 'ப' போன்ற ஓர் எழுத்துக்கு விதி எழுதச் சொல்லும் கேள்வி ஒன்றை வையுங்கள். அகமதிப்பீட்டுத் தேர்வில் வைத்தாலும் போதும். 'ட', 'ப', 'ம' மூன்றில் எது இந்த முறையில் எளிதாக வரும், எது பாடுபடுத்தும் என்று மாணவர் மல்லுக்கட்டட்டும்.

இன்னொன்று. உங்கள் ஊரில் கோலப் போட்டி நடக்கும்போது உங்கள் துறையிலிருந்து நான்கு மாணவர்களை அனுப்புங்கள், பரிசு கொடுக்கவோ படமெடுக்கவோ அல்ல. போடுபவரின் பக்கத்தில் அமர்ந்து, எங்கிருந்து தொடங்குகிறார், தவறினால் எந்தப் புள்ளியிலிருந்து திருத்துகிறார், பெரிதாக்கச் சொன்னால் எதை மாற்றுகிறார் என்று கேட்டு எழுதிவரட்டும். போடுபவர்களின் பெயரும் ஊரும் அவர்கள் சம்மதத்தோடு குறிப்பில் இடம்பெறட்டும். அந்தக் குறிப்புகளை நம் கல்லூரிகளுக்குள் பரிமாறிக்கொள்ளலாம். ஓரிரு ஆண்டில் ஒழுங்காகத் தொகுத்தால், 1974-இல் மூவர் வகுத்த வகைகளுக்குள் அடங்காத கோலம் எதுவும் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் அளவுக்கு நம்மிடம் சான்றுகள் சேரும். அந்தச் சோதனையை முன்னின்று செய்ய முன்வரும் துறை எதுவாக இருந்தாலும், குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆட்டோமேட்டா தியரி நடத்தும் உங்கள் சக ஆசிரியர்